மூன்றாவது அலமாரி

(மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. ஜனவரி மாதக் கடைசி. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் சபாபதியும், அலமாரிக்கு அளவெடுக்க வந்த ஆசாரியும்.)

ஆசாரி: போன முறை நான் போட்ட பலகை வில்லாக வளைந்து நிற்கிறதே, சார்! மூன்றடி நீளத்துக்கு நடுவில் ஒரு தாங்கு கட்டை கொடுக்கிறேன் என்று சொன்னபோது, புத்தகம் என்ன கருங்கல்லா என்று கேட்டீர்கள்.

சபாபதி: அப்போது ஒரு வரிசைதான் அடுக்குவதாக இருந்தது, ஆசாரியாரே. இப்போது அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை ஒளிந்திருக்கிறது.

ஆசாரி: இத்தனையையும் படித்துவிட்டீர்களா?

சபாபதி: இத்தாலியில் உம்பெர்த்தோ எக்கோ என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். அவரிடம் சுமார் 30,000 புத்தகங்கள் இருந்தன. அவர் வீட்டுக்கு வந்தவர்களும் இதையேதான் கேட்டார்களாம்.

ஆசாரி: அவர் இருக்கட்டும், சார். நான் உங்களைக் கேட்டேன்.

சபாபதி: பாதி படித்திருப்பேன். பாதி என்றால், ஒவ்வொன்றிலும் பாதி.

ஆசாரி: (ஒரு நூலை உருவி) இதை ஒருவர் முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை முடித்திருக்கிறார். ராமபாணப் பூச்சி!

சபாபதி: ஐயையோ, அது ரங்கநாதன் எழுதிய நூலல்லவா! சீர்காழியில் பிறந்தவர். நூலகங்களுக்கென்று ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் புத்தகமாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி.

ஆசாரி: மற்ற நான்கும் என்ன?

சபாபதி: அந்தப் பக்கங்களுக்கு நான் இன்னும் போகவில்லை.

ஆசாரி: அப்படியானால் ஏன்தான் வாங்குகிறீர்கள்?

சபாபதி: தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகளுக்கு மேல் அச்சாவதில்லை. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒருமுறை, ஒரு கட்டுரைத் தொகுதியைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, நாளை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அச்சில் இல்லை என்றார்கள். இருபது ஆண்டுகளாக அதைத் தேடுகிறேன். அந்த ஒரு புத்தகம் கைநழுவிய கோபத்தில்தான் மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். பத்து சதவீதம் தள்ளுபடி வேறு தருகிறார்கள். படிக்க எத்தனை நாளாகும் என்பதை மட்டும் பில்லில் போடுவதில்லை.

ஆசாரி: எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று ஒரு நாள்தான் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்போம். உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் பூஜை நடக்கிறது.

சபாபதி: சரி, பலகை வளையக் கூடாது என்றால், உங்கள் பட்டறையில் சாத்தி வைத்திருக்கும் அந்தப் பர்மா தேக்கை இந்த அலமாரிக்கு எடுங்களேன்.

ஆசாரி: (பதறி) அதையா? பழைய வீடு ஒன்றை இடித்தபோது, மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய மரம், சார். பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதற்கேற்ற வேலை வரும்போது எடுக்கலாம். இப்போது பார்த்தாலே மனம் நிறைகிறது.

சபாபதி: ஒருமுறையாவது இழைப்புளி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஆசாரி: அவ்வப்போது தூசி தட்டுவேன்.

சபாபதி: நானும் தட்டுகிறேன்.

(ஆசாரி பேச்சை மாற்றுவதற்காக டேப்பை இழுக்கிறார். பின்வரிசையிலிருந்து உறை பிரிக்காத புத்தகம் ஒன்று சரிந்து விழுகிறது.)

ஆசாரி: தச்சு வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்வது பற்றிய புத்தகமா?

சபாபதி: முதல் அலமாரியை நானே செய்துவிடலாம் என்று வாங்கியது.

ஆசாரி: நீங்கள் படிக்காததால்தான் எனக்கு மூன்று அலமாரி வேலை கிடைத்திருக்கிறது. இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், என் பையன் படிப்பான்.

சபாபதி: (வெடுக்கென்று வாங்கி) நான் இன்னும் படிக்கவில்லையே! முடித்ததும் தருகிறேன்.

ஆசாரி: நல்லது, சார். பேரன் பிறந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.