கார்த்திகைக்கு ஒரு வரி போதாது

பொங்கல் தொடங்கி வைகுண்ட ஏகாதசி வரை வருடம் முழுக்க வரும் பண்டிகைகளை உங்கள் கட்டுரையில் சொன்னது நல்ல முயற்சிதான், ஆனால் கார்த்திகை தீபத்தை ‘தீபாவளிக்குப் பின் வரும் விளக்குத் திருநாள்’ என்று ஒரே வரியில் முடித்தது மனசுக்கு ஒப்பவில்லை. அறுமீன் என்னும் கார்த்திகை நட்சத்திரமும் முழுமதியும் சேரும் இரவில் தெருவில் விளக்கு வைத்ததை அகநானூற்றின் 141ஆம் பாடலே சொல்கிறது. அவ்வளவு பழையது. அப்புறம், பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடியும் எட்டாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்ற கதை. திருவண்ணாமலையில் அந்த மலையே அவர்தான். விடியற்காலையில் பரணி தீபம், மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி கொடுப்பார், அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் கொப்பரை என்னும் பெரிய பாத்திரத்தில் மகாதீபம் ஏறும், அதைக் கண்ட பிறகுதான் அங்கே வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். எங்கள் பாட்டி வாசல் கோலத்தின் நடுவே முதல் அகலை வைத்து, காற்றில் சுடர் சாயாமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு ‘அரோகரா’ என்பார், விரலெல்லாம் நல்லெண்ணெய், பக்கத்துத் தட்டில் பாகின் சூடு ஆறாத பொரி உருண்டை. பனையோலை சுற்றிக் கொளுத்தும் சொக்கப்பனை பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை, அதையும் சேர்த்து விரிவாக எழுதுங்கள்.