தொப்பூர் இறக்கமும் நியூட்ரல் லாரியும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற 44-ம் நம்பர் ரோட்டில் தொப்பூர் கணவாய் வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். முன்னால் போகிற லாரியைவிட, கண்ணாடியில் தெரிகிற, பின்னால் வருகிற லாரிதான் பயம். நேற்றும் அப்படித்தான். 12 சக்கர வண்டி, முழு லோடு, இன்ஜின் உறுமலே இல்லாமல் இறங்கி வருகிறது. நியூட்ரல்! கியரிலிருந்து எடுத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுகிறார், கொஞ்சம் டீசல் மிச்சம் பிடிக்க.

கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மேல்தான். மிதிக்க மிதிக்க சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் சூடேறி, அதை உரசிப் பிடிக்கிற லைனிங் கருகி, கடைசியில் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது; இன்ஜினையே அணைத்துவிட்டால் காற்றடிக்கிற கம்ப்ரஸரும் நின்று, பிரேக்குக்குக் காற்றும் ஏறாது. அந்தக் கருகல் வாடை, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிய பிறகும் காருக்குள் வந்தது. பின் சீட்டில் என் பிள்ளைகள்.

டிரைவரை மட்டும் திட்ட மனசு வரவில்லை. டீசலை அளந்து கொடுத்து, மைலேஜ் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளியை யார் கேட்பது? ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்வது யார்?

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே லாரிகளை நிறுத்துங்கள். பிரேக்கைப் பார்த்து, டிரைவர் முகத்தையும் பார்த்து, லோ கியரில் அனுப்புங்கள்.