ஒரு மா நிலம், மூன்று கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு துண்டு நிலம் பார்க்கப் போனோம். விற்பவர் "ஒரு மா இருக்கு தம்பி" என்றார். பழைய பத்திரத்தில் 33 சென்ட். பட்டாவில் 0.13.00. ஒரே வயலுக்கு மூன்று பாஷை!

பட்டாவில் முதலில் வருவது ஹெக்டேர், அடுத்தது ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட். ஆக 13 ஏர்ஸ் என்றால் கிட்டத்தட்ட 32 சென்ட்தான். மீதி ஒரு சென்ட் எங்கே போச்சு? கேட்டால், "அதெல்லாம் பார்க்காதீங்க, வரப்புக்குள்ள இருக்கிறது உங்களுது" என்கிறார் தரகர். ஏன் பார்க்கக் கூடாது? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு பெரிய அறையே கட்டலாம். பணம் மட்டும் 33 சென்ட்டுக்குக் கேட்கிறார்கள்!

குழிக்கணக்கு இன்னும் மோசம். இங்கே 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. வேறு ஊருக்குப் போனால் குழியின் அளவே மாறிவிடுகிறது. சென்னையிலோ 2400 சதுர அடிக்கு ஒரு கிரவுண்ட்.

சரி, பேச்சில் எதையும் சொல்லட்டும். பத்திரத்திலாவது சென்ட், ஏர்ஸ், சதுர அடி மூன்றையும் சேர்த்து எழுதினால் என்ன? ஆயுள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறவன் கால்குலேட்டரோடு வரப்பில் நிற்கிறான். சர்வேயர் வந்து அளக்கும்வரை நான் முன்பணம் கொடுப்பதாக இல்லை.