கல்யாணக் கார்டுக்கு டைம்ஸ் வேண்டாம், பாஸ்கர்வில் போடுங்கள்

கோலாலம்பூரில் அச்சாகும் நம் கல்யாணக் கார்டுகளில் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். மலாய், ஆங்கிலப் பக்கத்துக்கு மட்டும் கணினியைத் திறந்ததும் எது வருகிறதோ அதுதான். பெரும்பாலும் டைம்ஸ் நியூ ரோமன். அது மட்டமான எழுத்துரு இல்லை. லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1932இல் அதற்கு மாறியது, குறுகிய பத்தியில் நிறையச் சொற்களை அடக்குவதற்காக. கார்டிலோ நாலாபுறமும் இடம் கிடக்கிறது. அங்கே எழுத்து ஏன் ஒடுங்கி நிற்க வேண்டும்?

பாஸ்கர்வில் என்ற எழுத்துரு அகலம், உருண்டை. நம் ண, ஞ, ஐ பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். அதை உருவாக்கிய பர்மிங்ஹாம்காரர் ஜான் பாஸ்கர்வில் கையெழுத்து கற்றுக்கொடுத்தவர், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர். ஆங்கிலச் சின்ன 'ஜி'யை (g) உற்றுப் பாருங்கள், கீழ்வளையம் மூடாமல் வாய் திறந்தே நிற்கும். மலாயில் 'யாங்', 'டெங்கான்' என்று வரிக்கு வரி ஜி வருகிறது. அந்தத் திறந்த வளையம் பக்கம் முழுக்கக் காற்றோட்டம் தருகிறது. எனக்கு இதற்காகவே இதைப் பிடிக்கும்.

சிக்கல் மெல்லிய கோடுகளில். 1757இல் தன் முதல் புத்தகத்தை அச்சிட அவர் மையைத் தானே காய்ச்சினார், அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்தினார். நாம் சொரசொரப்பான தாளில் 8 பாயிண்ட் எழுத்தளவில் அடித்தால் கோடு அறுந்துபோகும். 260 கிராம் ஆர்ட் கார்டு என்ற வழவழப்பான தடித்த தாளில் எழுத்து 11 பாயிண்ட், வரிக்கு வரி இடைவெளி 15 பாயிண்ட் சரியாக வரும். கறுப்பை நான்கு வண்ணத்தில் கலக்காமல் தனிக் கறுப்பாக அடிக்கச் சொல்லுங்கள். அரக்கு நிறத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் சற்றே தடித்த செமிபோல்ட் எடுங்கள், இல்லாவிட்டால் மை மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். தங்கத் தகட்டைச் சூடாக அழுத்திப் பதிக்கும் ஹாட் ஸ்டாம்பிங்குக்கு 14 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

வோர்டில் கிடைக்கும் 'பாஸ்கர்வில் ஓல்ட் ஃபேஸ்' தலைப்புக்கு மட்டும்தான். அதற்குச் சாய்வும் தடிப்பும் தனியாகக் கிடையாது. பட்டனை அழுத்தினால் கணினி எழுத்தை வலுக்கட்டாயமாகச் சாய்த்துக் கொடுக்கும், பார்க்கச் சகிக்காது. இலவசமான லிப்ரே பாஸ்கர்வில் சின்ன அளவிலும் தாங்கும், ஆனால் இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

தமிழுக்கு, மேக் வைத்திருந்தால் நம் ஊர் எழுத்துரு வடிவமைப்பாளர் முத்து நெடுமாறனின் தமிழ் எம்.என். எழுத்துரு இருக்கிறது. தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடு, பாஸ்கர்விலோடு அழகாகச் சேரும். தமிழ் சங்கம் எம்.என். ஒரே தடிப்புக் கோடு, அதைத் திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே பாயிண்ட் போட்டுவிட்டுப் போகாதீர்கள். 'ப'வின் உயரம் ஆங்கிலச் சின்ன எழுத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும்வரை தமிழைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் ஏ/எல் (A/L), ஏ/பி (A/P) இன்னொரு தொல்லை. பெரிய எழுத்தில் அடிக்கும்போது அந்தச் சாய்கோடு கீழே வழிந்து நிற்கும். அதை மட்டும் ஒரு பாயிண்ட் மேலே தூக்கி, 'ஏ'வை ஒட்டி நகர்த்துங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அதே தாளில், அதே அளவில் ஒரு பிரதி கேளுங்கள். ஜியின் வாய் அடைத்திருந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.