டிசி-10 ட்வின்: அந்த வால் என்ஜினைக் கழற்றியிருந்தால்?

மாற்று வரலாறு எழுதுகிற விமானப் பைத்தியங்களிடம் (நானும் அந்தக் கூட்டம்தான்) எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. கற்பனையில் ஒரு அகல உடல் விமானம் (உள்ளே இரண்டு நடைபாதை இருக்கிற பெரிய விமானம்) பிறந்த உடனே -100, -200, -300ஈஆர் என்று வகை வகையாக வரிசை போட்டு, 1978-லேயே இரண்டு என்ஜினோடு பசிபிக்கைத் தாண்ட வைத்துவிடுவார்கள். அட, அப்போது அமெரிக்க விதிப்படி இரட்டை என்ஜின் விமானம் என்றால், ஒரு என்ஜின் நின்றாலும் 60 நிமிடத்துக்குள் இறங்க இடம் இருக்கிற பாதையில்தான் போகணும். அந்தப் பிடி தளர்ந்ததே 1985-ல், டிடபிள்யூஏ என்கிற அமெரிக்க விமானக் கம்பெனியின் இரட்டை என்ஜின் போயிங் 767 பாஸ்டனிலிருந்து பாரிஸ் போனபோதுதான்.

என்னுடைய தேர்வு டிசி-10 ட்வின், அதாவது இறக்கைகளில் இரண்டும் வாலில் ஒன்றுமாக மூன்று என்ஜின் வைத்த டிசி-10-இன் இரட்டை என்ஜின் வடிவம். இது முழுக் கற்பனை இல்லை, டிசி-10-ஐக் கட்டிய மெக்டொனல் டக்ளஸ் கம்பெனி ஒரு தடவைக்கு மேல் வரைந்து பார்த்துக் கைவிட்ட விமானம். இன்னும் சொல்லப்போனால் டிசி-10-இன் ஆரம்பமே இரட்டை என்ஜின் யோசனைதான். 1966-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஃபிராங்க் கோல்க் கேட்டது இரண்டு என்ஜின், அகல உடல், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலைய ஓடுபாதை தாங்குகிற எடை. அப்புறம் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸுக்கு, உயரத்தாலும் வெயிலாலும் காற்று மெலிந்து கிளம்பவே கூடுதல் சக்தி கேட்கிற டென்வர்; ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்குக் கடல் தாண்டி போர்ட்டோ ரிக்கோ. மூன்றாவது என்ஜின் வாலில் ஏறிவிட்டது, போட்டிக் கம்பெனி லாக்ஹீடின் டிரைஸ்டார் விமானத்திலும் அதே கதை.

சரி, அந்த என்ஜினைக் கழற்றினால் என்ன ஆகும்? வாலில் எடை குறையும், ஈர்ப்பு மையம் முன்னால் நகரும், அதனால் இறக்கையையும் முன்னால் தள்ளணும், உடலையும் குறுக்கணும். ஒரு பக்க என்ஜின் நின்றால் நேராகப் பிடிக்கிற அளவுக்குச் சுக்கானும் பெரிதாகணும். சில்லறை வேலை இல்லை, ஆனாலும் புது விமானத்தை அடியிலிருந்து கட்டுகிற செலவும் இல்லை. 51,000 பவுண்டு உந்துவிசை தருகிற சிஎஃப்6-50 என்ஜின் டிசி-10-30-க்காக ஏற்கெனவே தயார். வேடிக்கை என்னவென்றால் ஏர்பஸ் ஏ300-ம் அதே என்ஜினைத்தான் மாட்டிக்கொண்டது, அதன் வெளி உறையைக்கூட டிசி-10-30-லிருந்தே எடுத்தது!

என் கதையில் 1973-ல் பச்சைக்கொடி. முதலில் 240 பேர் உட்காருகிற உள்நாட்டு வகை, பிறகு எடை கூட்டிய ஒன்று, அதே உடலில் சரக்கு வகை. நீள்தூர வகை 1986-க்கு முன்னால் கிடையாது, இதில் மட்டும் நான் பிடிவாதம். சரக்கு வகைதான் அதிகம் விற்றிருக்கும் என்பது என் கணக்கு, ஏனென்றால் நிஜத்திலும் டிசி-10, அதன் வாரிசான எம்டி-11, ஏ300 மூன்றுக்குமே முதுமையில் சோறு போட்டது பார்சல் கம்பெனிகள்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் 1976-ல் ஏ300 வாங்கியதே, அந்த இடத்தில் ட்வின் வந்திருந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் 'ஏர்பஸ்ஸில் வந்தேன்' என்பதற்குப் பதில் என்ன சொல்லியிருப்பார்களோ!

கதையில் ஓட்டை எங்கே என்றால், காசில். எழுபதுகளின் நடுவில் பிரான்ஸில் ஏர்பஸ் தொழிற்சாலை இருக்கிற டூலூஸில் வாங்க ஆளில்லாத ஏ300-கள் வரிசையாக நின்றன. அதைத் தாங்க பிரான்ஸ், ஜெர்மனி அரசாங்கங்கள் இருந்தன. 1977-ல் ஏர்பஸ்காரர்கள் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்கு நாலு விமானத்தை ஆறு மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்தார்கள், அதன் தலைவர் ஃபிராங்க் போர்மன் (ஆமாம், அப்பல்லோ 8-ல் நிலாவைச் சுற்றி வந்தவரேதான்) அடுத்த வருஷம் 23-க்கு ஆர்டர் போட்டார். 1974-ல் பாரிஸ் அருகே ஒரு டிசி-10-இன் சரக்குக் கதவு பிய்ந்து 346 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, டக்ளஸ் அப்படி நாலு விமானத்தை இலவசமாகத் தூக்கிக் கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் என் கதையில் ட்வினை ஈஸ்டர்னுக்கு 1977 வரை காத்திருக்க விடாமல், அந்த விபத்துக்கு முன்னாலேயே விற்றுவிட்டேன்.