ஓ.டி. தெரியாத கூட்டம்

டாக்டர் சீட்டில் வெறும் ஓ.டி. என்று எழுதியதால் அம்மாவின் கண் சொட்டு மருந்தில் வந்த குழப்பம் பற்றி நேற்றுப் போட்ட பதிவுக்கு வந்த பதில்களை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். "ஓ.டி. என்றால் என்னவென்றுகூடத் தெரியாமல் டாக்டரைக் குறை சொல்ல வந்துவிட்டார்" என்று ஒரு நண்பர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சரி, சிரித்து முடித்துவிட்டீர்களா?

ஓ.டி. எனக்கு நன்றாகவே தெரியும். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் எழுதினால் ஒரு நாளைக்கு ஒரு வேளை. கண் டாக்டர் எழுதினால் வலது கண், 'ஆக்குலஸ் டெக்ஸ்டர்' என்ற லத்தீனின் சுருக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் சொன்னால், அளவுக்கு மீறி மருந்து விழுங்கிய கேஸ். மூன்றுமே மருத்துவம்தான். வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனவருடைய சீட்டில், சொட்டு மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் வெறுமனே ஓ.டி. என்று இருந்தால் எதை எடுத்துக்கொள்வது? மருந்துக் கடைக்காரர் 'தினம் ஒரு தடவை' என்று டப்பாவில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் நினைத்ததோ வலது கண்ணை. ஒரு நாளைக்கு ஆறு தடவை விட வேண்டியதை அம்மா காலையில் ஒரு சொட்டோடு நிறுத்திவிட்டார். கண் சிவந்து நீர் வடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

"சீட்டு நோயாளிக்கு எழுதுவதல்ல, மருந்தாளுநருக்கு எழுதுவது" என்கிறார் இன்னொருவர். ஐயா, மாற்றிப் படித்தவரே மருந்தாளுநர்தானே!

"கூகுள் பண்ண வேண்டியதுதானே?" பண்ணினேன். இரண்டு அர்த்தமும் வந்தது. டி.டி.எஸ். என்றால் சீட்டில் மூன்று வேளை, ஆடிட்டரிடம் வரிப் பிடித்தம், வாட்டர் பியூரிஃபையர்காரரிடம் தண்ணீரில் கரைந்த உப்பு. அதையாவது ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கண்ணுக்கு எழுதிய சீட்டில் ஓ.டி.க்கு அந்த வசதியும் கிடையாது.

நான் மட்டும் புலம்பவில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-லேயே ஒரு பட்டியல் போட்டது. இன்சுலின் யூனிட்டுக்கு 'யூ' என்று ஒற்றை எழுத்துப் போடாதே, பூஜ்யம் மாதிரித் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும் என்பது அதில் ஒன்று. 'எம்.எஸ்.' என்று எழுதாதே, மார்பின் சல்பேட்டா மெக்னீசியம் சல்பேட்டா என்று குழம்பும் என்பது இன்னொன்று. நம் நாட்டு மருத்துவக் கவுன்சிலும் 2016-ல், மருந்தின் பெயரைப் புரியும்படி, முடிந்தால் கேபிடல் எழுத்தில் எழுதச் சொன்னது. இவர்களும் ஓ.டி. தெரியாத கூட்டம்தானா?

"அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையைப் பார்த்திருக்கிறாயா, டாக்டருக்கு ஏது நேரம்?" பார்த்திருக்கிறேன். அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாங்கள் போனது காசு கட்டி, டோக்கன் வாங்கி, ஏ.சி.யில் காத்திருந்த இடம். 'வலது கண், 6 தடவை' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நேற்று விட்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஓ.டி. என்றால் பேங்க் ஓவர்டிராஃப்ட் கடன். அப்பா மளிகைக் கடைக்காக வாங்கியது. 'ஓ.டி. ஏறிப்போச்சு' என்று அவர் சொல்லும் ராத்திரிகளில் அம்மா எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துவிடுவார். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ், "ஓ.டி. போட்டிருக்கு பாட்டி" என்றதும் அம்மா பதறிப்போய், "எவ்வளவும்மா கட்டணும்?" என்று கேட்டார். கவுன்டரில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் அவர் எதையும் கேட்கவில்லை, எத்தனை தடவை என்பது உட்பட. நேற்று நீங்கள் போட்ட பொம்மைகளும் அதே சிரிப்புதான்.

'லத்தீன் சுருக்கம் உலகம் முழுக்க உள்ள மரபு' என்று பாடம் எடுத்த டாக்டர் நண்பரே, ரொம்ப நன்றி. உங்கள் ஆஸ்பத்திரி பில்லில் மட்டும் ஒரு சுருக்கமும் இல்லாமல், பஞ்சு முதற்கொண்டு முழுசாக அச்சாகி வருகிறதே, அது எந்த மரபு?

அது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். சொல்ல மாட்டேன். இடது கண்ணுக்கும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.