மின்னிலக்கத்துக்கு மாறச் சொல்கிறார்கள், சரி. யாருடைய மின்னிலக்கத்துக்கு?

சிறு கடைக்காரர்கள் மின்னிலக்கத்துக்கு மாறாவிட்டால் காணாமல் போய்விடுவார்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது எழுதிவிடுகிறார்கள். மாற வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிக் கடைக்காரர்களைக் குழப்புகிறோம்.

முதலாவது, பணம் கைமாறும் வழி. இதில் சிங்கப்பூர் நன்றாகவே செய்திருக்கிறது. 2017ல் பேநவ் வந்தது. கைப்பேசி எண் இருந்தால் போதும், பணம் அனுப்பலாம். அடுத்த ஆண்டு எஸ்ஜிகியூஆர், எல்லாக் கட்டண நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே கியூஆர் குறியீடு. அதுவரை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஸ்டிக்கர் என்று கல்லாவே மறைந்துபோகும். தொடக்கத்திலேயே 27 கட்டண முறைகளை ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கொரோனா காலத்தில் உணவங்காடிகளுக்கு மின்னிலக்கத் தூதர்கள் நேரில் போய் சொல்லிக்கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் அசையாத கடைக்காரர்களை அசைத்தது, அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு என்பது என் கணிப்பு. 2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 வெள்ளி, கைப்பேசி வழியாக. ஸ்கேன் செய்யத் தெரியாத கடைக்கு அந்தக் காசு வராது. அப்புறம் என்ன, “எனக்கு இதெல்லாம் வேணாம் தம்பி” என்று சொன்னவர்களும் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் செயலியை இறக்கிக்கொண்டார்கள்.

இன்று தேக்கா சந்தையில் பூமாலை வாங்கினாலும் கீரை வாங்கினாலும் பேநவ்வில் கட்டலாம். இது சாலை போட்டுக் கொடுத்த மாதிரி. நடந்து வருகிறவர் உங்கள் கடைக்குத்தான் வருகிறார், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்.

இரண்டாவது வகை வேறு. உணவு விநியோகச் செயலி, இணையச் சந்தை இவற்றில் சேர்வது. அங்கே வாடிக்கையாளர் செயலியின் வாடிக்கையாளர். நீங்கள் சரக்கு கொடுக்கும் ஆள்.

555 நோட்டு ஞாபகம் இருக்கிறதா? சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டில்தான் மளிகைக் கடைக் கடன் ஓடியது. சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். எந்த வீட்டில் என்ன அரிசி, யார் வீட்டில் விசேஷம், யாருக்கு வேலை போய்விட்டது, யாரிடம் இந்த மாதம் கேட்கக் கூடாது, எல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி. இப்போது பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சேகரிக்கிற தரவு அதுதான். செயலி வழியாக விற்கும் உணவகக்காரரிடம் அந்த நோட்டு இல்லை. ஆர்டர் எண் மட்டும் வருகிறது. வாராவாரம் பிரியாணி வாங்கியவர் திடீரென்று நின்றுபோனால், ஏன் என்று கேட்க ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. செயலிக்கு எல்லாம் தெரியும். பக்கத்துக் கடையின் சலுகையை அவருக்குக் காட்டவும் தெரியும். இதற்குச் செயலி எடுத்துக்கொள்ளும் கழிவு (கமிஷன்) 30 விழுக்காடு வரை போகிறது. (மாறச் சொல்லி எழுதுகிறவர்கள் கழிவு போக மிஞ்சுவதில் வாடகையும் ஆள் சம்பளமும் கொடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் அறிவுரைப் பதிவு எழுதட்டும்.)

கழிவைக்கூடச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். சந்தையே மூடிவிட்டால்? கியூடென் (Qoo10) என்ற இணையச் சந்தைக்கு நம் கண் முன்னால் அதுதான் நடந்தது. ஒரு காலத்தில் சிங்கப்பூரர்கள் இணையத்தில் பொருள் வாங்கப் பழகியதே அதில்தான் என்று சொன்னால் மிகையில்லை. 2024ல் விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை என்று வணிகர்கள் புகார் செய்தார்கள். செப்டம்பரில் நாணய ஆணையம் அதன் கட்டணச் சேவையை நிறுத்த உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. முழுக்க அதையே நம்பியிருந்தவர்களுக்கு நிலுவைப் பணத்தோடு, ஆண்டுக்கணக்கில் சேர்த்த விமர்சனங்களும் நட்சத்திரங்களும் போயின. மறுநாள் இன்னொரு தளத்தில் புதுக் கடையாக முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செயலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுச் சமையலறையிலிருந்து தொழில் தொடங்கும் ஒருவருக்கு முதல் வாடிக்கையாளர்களை வேறு யார் கொண்டுவந்து தருவார்கள்? முதல் ஆர்டர் செயலி வழியாக வரட்டும். இரண்டாவது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்படி பாருங்கள். தீபாவளிப் பலகாரம் விற்கும் அக்காமார் பலர் இதை எந்த ஆலோசகரும் சொல்லாமலே செய்கிறார்கள். போன வருடம் வாங்கியவர்களுக்கெல்லாம் செப்டம்பர் மாதமே விலைப்பட்டியல் போய்விடுகிறது.

அரசாங்கத்திடமும் கேட்க ஒன்று உண்டு. 2023ல் சிடிசி பற்றுச்சீட்டைப் பேரங்காடிகளுக்குத் திறந்துவிட்டபோது, பாதித் தொகையை உணவங்காடிகளுக்கும் குடியிருப்பு வட்டாரக் கடைகளுக்கும் ஒதுக்கியே வைத்தார்கள். தொழில்நுட்பம் தானாக அப்படிப் பிரித்துக் கொடுக்காது. யாரோ யோசித்து எடுத்த முடிவு. அதே யோசனையை மானியத்திலும் காட்டலாம். கடைக்கு மென்பொருள் வாங்க உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் கொடுக்கிறார்கள். நல்லது. கூடவே ஒரு நிபந்தனை: கடைக்காரர் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், அவருடைய வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் மென்பொருள் நிறுவனம் காசு கேட்காமல் முழுதாக அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தின் மென்பொருளுக்கு நம் வரிப்பணத்தில் ஒரு வெள்ளியும் போக வேண்டாம்.